கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சடையப்பன் லாரி ஓட்டுகிறவன். குகையம்மா கையால் கொடுக்கிற திருநீறு நெற்றியில் இல்லாமல் சாவியைத் தொடமாட்டான். மலையடிவாரத்துப் பாறைக் குகையில் அந்த அம்மா எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பேச்சு கம்மி. சடையப்பன் அவளைத் தாயாகவும் குருவாகவும் வரித்துக்கொண்டவன்.

அந்தத் திருநீற்றைத்தான் ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

அவன் மகள் சஷ்டிகாவுக்கு ஐந்து வயசு. ரத்தத்தில் புற்று. மருந்து ஏற ஏற, நோயை எதிர்க்கிற சக்தி அந்த உடம்பில் இறங்கிப் போயிருந்தது. கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை. பூ கூடாது, தூசி கூடாது, வெளியாள் கூடாது. கூட ஒரே ஒரு ஆள் இருக்கலாம். தாய்க்காரி கைக்குழந்தையோடு ஊரில் இருந்ததால் அந்த ஒரு ஆள் சடையப்பன்.

வேட்டி மடிப்பில் முடிந்து அவன் கொண்டுபோன பொட்டலத்தை லூர்து சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னண்ணே இது?"

"திருநீறு சிஸ்டர். நாக்குல ஒரு துளி வச்சுட்டேன்னா..."

"புள்ளைக்கு வாயெல்லாம் புண்ணு. அதுல சாம்பலைப் போடப் போறீங்களா? எங்க மாதா கோயில் மண்ணையே நான் உள்ள விடமாட்டேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலத்தை மறுபடியும் மடித்தான்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளை வயிற்றில் எதுவுமே தங்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கொஞ்சமாவது தங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டியதுதான் என்றார். போன தடவை அந்தக் குழாய் விட்டபோது சஷ்டிகா போட்ட சத்தம் சடையப்பன் காதை விட்டு இன்னும் போகவில்லை. பிள்ளை கண் அசந்ததும் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

குகை வாசலில் போய் விழுந்தான்.

"அம்மா, எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. முன்னெல்லாம் கண்ணை மூடினா உங்க முகம் வரும். இப்ப ஊசிதான் வருது. நம்பிக்கைன்னா என்னம்மா? எப்படி இருக்கும் அது? எனக்கு மறந்தே போச்சு. நீங்களே வந்து அவளுக்குப் பூசிவிடுங்க. உங்களை எவன் தடுப்பான்?"

குகையம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்துவைத்தாள்.

"திரும்பிப் போக பஸ் இருக்கா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எவனும் தடுக்கவில்லை. லூர்து சிஸ்டர்தான் தடுத்தாள்.

"அம்மா, மாஸ்க் போட்டுக்கிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க."

சடையப்பனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? எப்பேர்ப்பட்ட ஆளும் இவங்க வாசல்ல காத்துக் கிடக்கணும்!"

"இது என் வாசல்ண்ணே."

"சரியாத்தானே சொல்றா. நீ உள்ள போ, புள்ளை முழிச்சிருச்சு பாரு" என்றாள் குகையம்மா. சொன்ன இடத்தில் நின்றுகொண்டாள்.

சடையப்பன் கையைச் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தான்.

தலையிலும் புருவத்திலும் ஒரு முடி இல்லாத முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியது.

"அது யாருப்பா?"

"சாமியம்மாடா தங்கம்."

"மாஸ்க் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப நல்ல சாமிதான்."

அவன் கரண்டியில் கஞ்சியை எடுத்து ஆற்றினான்.

"அப்பா, வலிக்கும்."

"வலிக்கும்டா."

"வாந்தி வரும்."

"வந்தா எடுத்துரு. அப்பா பிடிச்சுக்கறேன்."

வாயைத் திறந்தாள். உள்ளே செக்கச்செவேலென்று புண். கஞ்சி இறங்கும்போது கால்விரல் பத்தும் மடங்கிக்கொண்டன. சத்தம் போடவில்லை. இன்னொரு வாய் வாங்கினாள். அப்புறம் எல்லாம் ஒரே வேகத்தில் வெளியே வந்தது. அவன் கையில், சட்டையில், போர்வையில்.

துடைத்தான். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தான். வேறு சட்டை மாட்டிவிட்டுக் கையை மறுபடியும் கழுவிவந்து உட்கார்ந்தான். கரண்டியை எடுத்தான். போதும், இந்தப் பாவம் வேண்டாம், குழாயே விடட்டும் என்று கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனான்.

"ஏன்ப்பா நிறுத்திட்டே?"

நிமிர்ந்து பார்த்தான். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தாள்.

கிண்ணத்தைக் கீழே வைக்காமல் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

ஊட்டினான். அதுவும் வந்தது. துடைத்தான். மறுபடியும் திறந்தாள். நடுவில், "இந்தச் சட்டையிலயும் பட்டுருச்சு, அம்மாகிட்ட நீதான் திட்டு வாங்கணும்" என்று வேறு சொன்னாள். மறுபடியும் திறந்தாள்.

ஏதோ தோன்றிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தான். குகையம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நின்றிருந்தாள். இமை அசையவில்லை. அம்மா வேண்டிக்கொள்கிறாள், இனிமேல் தங்கிவிடும் என்று அவனுக்குத் தெம்பு வந்தது.

கிண்ணத்தில் பாதி உள்ளே போய்த் தங்கியது. சஷ்டிகா அவன் சுண்டுவிரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

எட்டிப் பார்த்த லூர்து சிஸ்டர், "இன்னிக்குக் குழாய் வேண்டாம்ண்ணே. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சடையப்பன் வெளியே ஓடிவந்தான்.

"அம்மா, தங்கிருச்சும்மா! நீங்க வேண்டிக்கிட்டீங்க, தங்கிருச்சு! எந்தச் சாமியை வேண்டினீங்க? சொல்லுங்க, தெனமும் நானும் வேண்டிக்கறேன்."

குகையம்மா முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

"நான் ஒண்ணும் வேண்டலை, சடையா."

"கையைத் தூக்கி நின்னீங்களேம்மா, நான் பார்த்தேனே?"

அவள் தூங்குகிற பிள்ளையைக் கண்ணாடி வழியாக இன்னொரு தடவை பார்த்தாள்.

"வாந்தி எடுத்த வாயை உன் கைக்கு நேரா மறுபடியும் திறந்தா பாரு. அவளைக் கும்பிட்டேன்."