சாமிக்கும் வேலை போயிற்று

"சாமி, காலையில எதுக்கு எழுந்திருக்கிறதுன்னே தெரியல," என்றான் தணிகைவேல்.

அம்பலவாண சாமி ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

தணிகைவேல் பிடித்தான். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

தணிகைவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் வேலை. பதினெட்டு வருஷம் பார்த்தான். நாலு மாதத்துக்கு முன்னால் ஆட்களைக் குறைத்தார்கள். பட்டியலில் அவன் பெயரும் இருந்தது.

சாமி அவனைவிட ஏழு வயது சின்னவர். ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லாத நாட்களில் தணிகைவேல் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான்.

சாமி போர்வையைப் பையில் வைத்தார். பக்கத்தில் இரண்டு வேட்டிகள். ஒரு செம்பு.

"எங்கயாவது கிளம்பிட்டீங்களா சாமி?"

"ஆமா."

"எங்க?"

"தெரியல. இந்த இடத்தைக் கல்யாண மண்டபமாக்கப் போறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொன்னாங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சாமி!"

"அதான் மடிக்கிறேன்."

தான் கேட்க வந்தது தணிகைவேலுக்கு மறந்துபோனது. சாமியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

*

குணவதி கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"சாமியாரைக் கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க. நான் என்னத்தைச் சமைக்கிறது?"

"நீங்க சாப்பிடுறதுதாம்மா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "கத்தி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. காய் நான் நறுக்கித் தரேன்."

குணவதி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் போன பிறகு வீட்டில் இரண்டு ஆண்கள் மிஞ்சினார்கள்.

தணிகைவேல் ஜன்னல் ஓரத்தில், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு மாதமாக அங்கேதான் உட்காருகிறான். முகம் மழிக்கவில்லை. எந்த நேரமும் வேலைக்கு அழைப்பு வரலாம்.

"இங்க தண்ணி எப்ப வரும்?" என்று சாமி கேட்டார்.

தணிகைவேல் யோசித்தான். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறான்.

"குணவதிக்குத்தான் தெரியும்."

சாமி வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்பதரைக்கு. இன்றைக்கு உண்டு. குடங்களை எடுத்துக் கழுவினார்.

"சாமி, நீங்க போய் இதெல்லாம்..."

"தண்ணி வரப்போகுதே."

முதல் இரண்டு குடங்களை அவரே தூக்கிவந்தார். மூன்றாவது குடத்துக்குத் தணிகைவேல் போனை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்தான்.

*

தினமும் வீட்டு வேலைகள் முடிந்ததும் சாமி கிளம்புவார். கோயில், மாணவர் விடுதி, டியூஷன் சென்டர். நடந்தே போவார். மதியம் திரும்பி வருவார்.

"என்ன சொன்னாங்க சாமி?"

"ஆள் வேணாமாம்."

உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பிப்பார்.

நாலாவது நாளும் அதே பதில்தான். தணிகைவேலால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா சாமி?"

"இருக்கே."

"பார்த்தா தெரியலையே."

"பூண்டு உரிச்சா வருத்தம் போயிடும்னு யார் சொன்னா? வருத்தமும் இருக்கு, பூண்டும் இருக்கு."

சாப்பிடும்போது சாமி இரண்டாவது தடவையும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டார். தணிகைவேல் அவரையே பார்த்தான்.

"எப்படி சாமி சாப்பாடு இறங்குது?"

"வேலைதான் இல்லைன்னாங்க. சோத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

*

ஆறாவது நாள் தணிகைவேலுக்கு அழைப்பு வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி. முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போனான்.

வரவேற்பில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே ஐந்து நிமிஷம். வயசு என்ன என்றார்கள், பழைய கம்பெனியில் ஏன் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவன் குணவதி மீது பாய்ந்தான். மிக்சி சத்தம் தலையை உடைக்கிறதாம்.

அவள் மிக்சியை நிறுத்தினாள்.

"கத்துங்க. என்கிட்டதானே கத்த முடியும். தெருவுல கேக்கறவங்ககிட்ட எல்லாம் அவருக்கு வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலைன்னு நாலு மாசமா பொய் சொல்லிட்டிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குங்க. உங்களுக்கு வேலை இல்லைன்னு இல்ல. பொய் சொல்றதுக்கு."

சட்னியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

சாமி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். தணிகைவேல் அவர் முன்னால் போய் நின்றான். கோபம் அடங்கவில்லை.

"உங்களுக்கென்ன சாமி. பெண்டாட்டியா, பிள்ளையா? ஒத்தை ஆளு. துணி மடிச்சுக்கிட்டே இருக்கலாம்."

"அதுவும் சரிதான்," என்றார் சாமி.

பதில் இவ்வளவுதானா என்று தணிகைவேல் காத்திருந்தான். சாமி குணவதியின் புடவையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

"நேத்து மடத்துப் பக்கம் போனேன். பிள்ளைங்க உட்கார்ந்து பாடுற இடத்துல பந்தல் கம்பு குவிச்சு வெச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் நின்னு அழுதேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"அப்புறம்?"

"பசிச்சுது. வந்துட்டேன்."

தணிகைவேல் கொடியில் மீதமிருந்த துணிகளை எடுத்தான்.

அன்று சட்னியை அவன்தான் அரைத்தான். உப்பு கூடிவிட்டது. குணவதி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கை கழுவும்போது, "நாளைக்கு உப்பு நான் போட்டுக்கறேன்," என்றாள்.

*

மறுநாள் தண்ணீர் பிடித்து முடிந்ததும் சாமி, "ஒரு டீ குடிச்சா நல்லா இருக்கும்," என்றார்.

"நான் போட்டுத் தரேன் சாமி."

"கடை டீ."

தெருமுனையில் அன்வர் பாய் கடை. கம்பெனிக்குப் போன காலத்தில் தணிகைவேல் தினமும் காலையில் அங்கே நின்று டீ குடித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவான். நாலு மாதமாக அந்தப் பக்கம் போவதில்லை. ரேஷன் கடைக்குக்கூடப் பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனான்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட நல்ல கடை இருக்கு சாமி. அங்க போலாம்."

சாமி அதற்குள் முனைக்குப் போய்விட்டார்.

பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாமியைப் பார்த்ததும் இடம் விட்டார்கள்.

"என்ன சாமி, மடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே?" என்றார் அன்வர் பாய்.

"ஆமா பாய்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"வேலை தேடிட்டு இருக்கேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். "சாமியாருக்கு வேலையா?"

சாமியும் சிரித்தார்.

"தேவாரம் சொல்லிக்கொடுப்பேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழும் கணக்கும் எடுப்பேன். நூறு பேருக்குச் சமைப்பேன். எங்கயாவது ஆள் வேணும்னா சொல்லுங்க. இவர் வீட்லதான் இருக்கேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சிரித்தவரே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குடியாத்தத்துல என் மச்சான் ஒரு விடுதி நடத்துறான். பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க ஆள் இல்லைன்னு போன வாரம்தான் புலம்பினான். கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேளுங்க. நானே நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்."

அன்வர் பாய் இரண்டு கிளாஸ் டீயை நீட்டினார். ஒன்றைத் தணிகைவேலிடம் கொடுக்கும்போது சொன்னார்.

"உங்களுக்கு என்ன சார். வீட்ல உட்கார்ந்தபடியே வேலை. இந்த மாதிரி அலைச்சல் இல்ல. கொடுத்துவெச்சவர்."

தணிகைவேல் கிளாஸை வாங்கினான். சுட்டது.

சாமியைப் பார்த்தான். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பெஞ்சில் எல்லோரும் தெரிந்த முகங்கள்.

"இல்ல பாய்," என்றான்.

அன்வர் பாய் பால் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எனக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சு. வீட்ல ஒரு வேலையும் இல்ல. நானும் தேடிட்டுதான் இருக்கேன்."

பால் பொங்கி வந்தது. அன்வர் பாய் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா," என்றார். "உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும் சார்?"

நாலு மாதத்தில் அதை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

தணிகைவேல் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.