கிளிக்காக ஒரு போர்

முன்னொரு காலத்தில் கொன்றைப்பட்டணத்தை மல்லதேவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மனசு வெண்ணெய், கோபமோ மூக்கு நுனியில். அவன் செல்லக்கிளி பறந்துபோய்ப் பக்கத்து நாட்டு அரண்மனை மாமரத்தில் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், "கட்டு படையை!" என்று குதித்தான்.

படைத்தலைவர் எயினன் வேலும் வீசுவார், குறியும் சொல்வார். ராஜாவோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவர். அன்று காலை குறி பார்த்தபோது, முன்னணியில் போகிறவன் உயிரோடு திரும்பமாட்டான் என்று வந்தது. படை கிளம்பினால் முன்னணியில் போகவேண்டியவர் அவர்தான்.

"சகுனம் சரியில்லை, அரசே. போர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"சகுனமா, நடுக்கமா?" என்று சிரித்தார் ஏகப்பர். மூன்று வருஷத்துக்கு முன் சபைக்கு வந்த மந்திரி. எயினன்மேல் அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். எங்கே போனாலும் முதல் மரியாதை தனக்கே வேண்டும் அவருக்கு.

வெற்றிலைத் தட்டு வந்தது. போர் என்றால் முதல் வெற்றிலை வாங்குகிறவர்தான் முன்னணிக்குத் தலைவர். அது அந்த நாட்டு வழக்கம். இருபது வருஷமாகப் போரே இல்லாததால் ஏகப்பருக்கு அது தெரியாது. எயினன் ஓரடி பின்வாங்கி, "முதல் வெற்றிலை ஏகப்பருக்கே ஆகட்டும்" என்றார். ஏகப்பர் போருக்குப் போகமாட்டார் என்று சொல்லக் குறி வேறு பார்க்கணுமா என்ன!

ஏகப்பர் ராஜா கையிலிருந்து வாங்கி வாயில் போட்டுக் குதப்பினார்.

"பலே! நாளைக்கு முன்னணியில் நீர்தான்" என்றான் ராஜா.

ஏகப்பருக்குப் புரையேறியது. "ஐயோ அரசே! ஒரு கிளிக்காக ஊரான் வீட்டுப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கலாமா?"

"அடப்பாவி, அதைத்தானே எயினன் காலையிலிருந்து சொல்கிறார்!" என்றான் ராஜா.

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவுக்கும் வெட்கமாய்ப் போயிற்று. போரை நிறுத்தினான். "நீரே பழக்கூடை சுமந்துபோய், கிளியைத் தரச்சொல்லிக் கேட்டு வாரும்" என்று ஏகப்பரை அனுப்பினான். தன் முத்துமாலையைக் கழற்றி எயினன் கழுத்தில் போட்டான்.

எல்லோரும் போனபின் அவர் தோளைப் பிடித்தான். "உண்மையைச் சொல்லுடா. குறியில் என்ன வந்தது?"

எயினன் சொன்னார். ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாவி! உன் உயிருக்கே ஆபத்து என்று ஏண்டா என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால், அரசே, என்னைப் பின்னால் தள்ளிவிட்டு நீங்கள் முன்னால் போயிருப்பீர்கள்."