தீட்சைக்கு முன் ஒரு முழுக்கு

நகராட்சியில் பொறியாளராக இருந்த பரஞ்சோதி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். யாரும் தடுக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

மடத்துத் தலைவி மரகதம்மாள் அவரைவிட இளையவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முகத்துக்கு நேராகப் போட்டு உடைத்துவிடுவார்.

"அம்மா, நீங்க எனக்குத் தீட்சை குடுக்கணும். கண்ணை மூடினா பழசெல்லாம் வருது. காவி கட்டினாத்தான் நிம்மதி."

"என்ன பழசு?"

சொன்னார். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுகிற நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது.

"சாக்கடையை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

பரஞ்சோதியின் முகம் தெளிந்தது. தொழில் தெரிந்த மனிதர், பாவம்.

"முதல்ல கம்பி வலை. துணி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கேயே நின்னுடும். அடுத்து மண்ணு படியும். அப்புறம்தாம்மா பெரிய தொட்டி. அதுல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கும். நல்ல கிருமிங்க. அழுக்கைத் தின்னுதான் உயிர் வாழும். அதுங்க மூச்சு விட, அடியில இருந்து மோட்டார் வெச்சுக் காத்து ஊதிக்கிட்டே இருக்கணும். தின்னு முடிச்சதும் எல்லாம் சேறாப் படிஞ்சிடும். தெளிஞ்ச தண்ணிக்குக் குளோரின் போட்டு ஆத்துல விடுவோம்."

"அப்படியே விட்டா?"

"ஆத்துல இருக்கிற காத்தையெல்லாம் அழுக்கு உறிஞ்சிடும். மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும்."

"நல்ல வேலைதானே பாத்திருக்கீங்க."

"கரண்ட் பில் கட்டுபடி ஆகலை, காத்தை நிறுத்துன்னு மேல இருந்து சொன்னாங்க. நிறுத்தினேன். கிருமியெல்லாம் செத்துப்போச்சு."

"யாரும் கேக்கலையா?"

"சோதனைக்கு ஆள் வர்ற அன்னிக்கு மோட்டாரைப் போட்டுவிடுவோம். செத்த தொட்டியிலயும் குமிழி ஜோரா வரும். எட்டிப் பாத்துட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. சோதனைத் தண்ணியை நாங்களே குடிதண்ணிக் குழாயில பிடிச்சுக் குடுத்துடுவோம்."

சொல்லி முடித்ததும் அழுதார். உண்மையான அழுகைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மரகதம்மாள் உள்ளே போய் ஒரு புதுக் காவி வேட்டி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆத்துல முழுகிட்டு வந்து கட்டிக்குங்க."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று பரஞ்சோதி நினைக்கவில்லை. குதிக்காத குறையாகப் படித்துறைக்குப் போனார்.

தண்ணீர் கறுத்து, நுரை கட்டிக் கிடந்தது. நாற்றம் மேல்படி வரைக்கும் வந்தது. கீழ்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முழங்கால் வரைக்கும் சிரங்கு. அவள் நிமிர்ந்து பார்த்து, இவர் இறங்க இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.

பரஞ்சோதி கால் கட்டைவிரலை மட்டும் நனைத்தார். உடனே எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அம்மா, ஊருக்கு மேல் பக்கம் போய் முழுகிட்டு வந்துடட்டுமா? அங்கே ஆறு நல்லா இருக்கும்."

"இங்கே துவைக்கிறவளும் மேல் பக்கம் போகட்டுமா?"

பரஞ்சோதி கையிலிருந்த காவியை மடிக்க ஆரம்பித்தார்.

"திரும்பிப் போங்க. போய்க் காத்தைப் போட்டுவிடுங்க."

"நான் எங்கம்மா போடறது? அந்த நாற்காலியை நான்தான் விட்டுட்டு வந்துட்டேனே. இப்போ இளவழுதின்னு ஒருத்தர் இருக்கார். ரொம்ப நல்ல மனுஷன். மனசாட்சிக்குப் பயந்தவர். ஆனா அவரும் என்னை மாதிரிதான். மேல சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?"

மரகதம்மாள் அவர் கையிலிருந்த காவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நல்ல மனுஷன்னா, அவரும் ஒருநாள் அழுதுக்கிட்டு இங்கேதான் வருவார். அவரை நான் எங்கே முழுகச் சொல்றது?"