மாலை போடாத வீடு

பயத்தை ரேஷன் அரிசி போல வீடு வீடாக அளந்து கொடுத்த ஒரு நாட்டில், அதை ஆண்ட மாதலைவரின் பிறந்த நாள் வந்தது. எல்லா வீட்டிலும் அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டு விளக்கேற்ற வேண்டும் என்று அதிகாரி விசயரங்கம் கையெழுத்திட்டு உத்தரவு போட்டார். தவறினால் ஏழு வருடம் சிறையில் கல்லுடைக்க வேண்டும். ஊரே மாலை போட்டது. மாவு மில் கூலி சடையப்பன் மட்டும் போடவில்லை.

அவனை இழுத்து வந்து அதிகாரி முன் நிறுத்தினார்கள்.

"ஏன்டா, உனக்கு மட்டும் முதுகெலும்பு முளைச்சிருக்கோ?"

"எங்க அப்பா படத்துக்கு மாலை போட்டு விளக்கு வச்சிருக்கேங்க. அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. செத்தவங்க படத்துக்குத்தானே நம்ம ஊர்ல அப்படிச் செய்வாங்க? மாதலைவர் நல்லாத்தானே இருக்கார்?"

அதிகாரி காவலர்களைப் பார்த்துக் கைகாட்டினார். சடையப்பன் தொடர்ந்தான்.

"இந்த ஊர்ல அவரை உயிரோட விட்டு வச்சது நான் ஒருத்தன்தான். உள்ளே தள்ளுங்க. கோர்ட்டுலயும் இதையேதான் சொல்லுவேன். உத்தரவுல யார் கையெழுத்துன்னு அவங்க கேட்பாங்க."

காவலர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதிகாரியின் தலைக்கு மேலே, மாலையும் விளக்குமாக மாதலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காவலர் தன் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

விசயரங்கம் நாற்காலி மேல் ஏறி, விளக்கை ஊதி அணைத்து, மாலையைக் கழற்றி நீட்டினார்.

"வழக்கு இல்லை, போ. இதை எங்கேயாவது வீசிடு."

சடையப்பன் கை நீட்டவில்லை.

"சந்தன மாலை வாடாதுங்க. பத்திரமா வையுங்க. அதுக்கும் ஒரு நாள் வராமலா போகும்?"