பூவாடை போட்ட முடிச்சு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் வம்புக்கும் குறைவில்லை. கடலை ஒட்டிய ஒரு பெரிய உப்பங்கழியின் நடுவே மணல்திட்டு ஒன்று. அதில் முப்பது வீடுகள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஓடம் ஏறி அக்கரைக் கிணற்றுக்குப் போகவேண்டும். அந்தத் திட்டில் பூவாடை என்று ஒருத்தி இருந்தாள். துடுப்பு வலிப்பதில் ஆண்களே அவளுக்கு அடுத்தபடிதான்.

அவளுடைய மூத்த பையன் ஐந்து வயதில் ஓடத்து விளிம்பில் எட்டி மீனைப் பார்த்தபோது தவறி விழுந்தான். பூவாடை திரும்பிப் பார்ப்பதற்குள் நீர் அவனை மூடிவிட்டது. அடுத்துப் பிறந்தவளுக்குக் குப்பாயி என்று பெயர் வைத்தாள். குப்பையைப் போய் எமன் கேட்கமாட்டான் அல்லவா! அப்படியும் மனசு ஆறவில்லை. தாழை நாரைத் திரித்து முழ நீளத்துக்கு ஒரு கயிறு செய்தாள். ஒரு நுனியைப் பிள்ளையின் இடுப்பில் கட்டினாள். மறுநுனியை ஓடத்தின் குறுக்குப் பலகையில் கட்டினாள். நனைய நனைய இறுகும் முடிச்சு அது, அவளே கண்டுபிடித்தது. ஊரில் மற்ற தாய்மாரும் பார்த்தார்கள். அடுத்த வாரமே எல்லா ஓடத்திலும் பிள்ளைகள் கன்றுக்குட்டிகளாகக் கட்டுண்டு கிடந்தார்கள். குப்பாயிக்கு ஏழு வயதாகியும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தண்ணீரில் விரல் வைத்தால் விரலிலேயே அடி விழும்.

கோரைப்புல் ஓரத்தில் முக்குளிப்பான் ஒருத்தி குடியிருந்தாள். உள்ளங்கை அளவுப் பறவை, வாய் மட்டும் ஊர் அளவு. தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடத்தின் பக்கமாகவே வருவாள்.

"ஏண்டி பூவாடை, பிள்ளையைக் கட்டிவச்சிருக்கியே, ஓடம் கவுந்தா என்ன பண்ணுவ?"

"என் ஓடம் கவுறாது."

"ஓடம்னு ஒண்ணு இருந்தா கவுறத்தான் செய்யும். என் பிள்ளைங்களப் பாரு. நான் முங்கினா அதுங்க தானா மேல மிதக்கும். கட்டியிருந்தா என்னோடயே அடிக்குல்ல வந்திருக்கும்?"

"உனக்குச் செத்த பிள்ளை இல்ல. நீ பேசுவ," என்று பூவாடை துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். முக்குளிப்பான் சட்டென்று முங்கிப் போனாள்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய வருஷம் அது. கழிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேடு ஒன்று உண்டு. கழி நிரம்பி வழிந்தால் அந்த மேடு உடைந்து, அத்தனை நீரும் ஒரே வழியாகக் கடலுக்குப் பாயும். அதைத்தான் 'முகம் உடைந்தது' என்பார்கள். உடையும் நாளில் யாரும் ஓடம் இறக்கமாட்டார்கள். ஆனால் பூவாடையின் வீட்டில் ஒரு சொட்டுக் குடிதண்ணீர் இல்லை. புருஷன் கருவாட்டு மூட்டையோடு மேற்கே போயிருந்தான். மழை வெறித்த ஒரு காலை, இரண்டு குடத்தையும் ஒரு பெரிய சுரைக்குடுக்கையையும் ஓடத்தில் வைத்தாள். மகளைப் பலகையில் கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், புறப்பட்டாள்.

"இன்னிக்குப் போவாதடி! முகம் ஒடையப்போவுது," என்று கோரையிலிருந்து குரல் வந்தது.

"பிள்ளையைக் கட்டியாச்சு," என்றாள் பூவாடை. அவளுக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. குடங்களை நிரப்பிக்கொண்டு, அந்தக் கனமே போதுமென்று குடுக்கையை வெறுமனே அடைப்புப் போட்டு ஓடத்தில் எறிந்துவிட்டுத் திரும்பினாள். பாதிக் கழி வந்ததும் தூரத்தில் ஒரு சத்தம். கூரை சரிவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு நீர் முழுவதும் கிழக்கே நகர ஆரம்பித்தது. பூவாடை வலித்தாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தாள். ஓடம் பக்கவாட்டில் திரும்பியது, குடங்கள் உருண்டன, மறு அலையில் ஓடம் கவிழ்ந்தது.

அவள் மேலே வந்தபோது ஓடத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. குப்பாயி இல்லை.

பூவாடை முங்கினாள். ஓடத்தின் விளிம்புக்கு அடியில் புகுந்து உள்ளே தலையைத் தூக்கினாள். இருட்டு. கவிழ்ந்த ஓடத்துக்குள் ஒரு சாண் உயரத்துக்குக் காற்று தங்கியிருந்தது. அதில் மகளின் இருமல் கேட்டது.

"அம்மா! அவுத்து வுடும்மா!"

உயிரோடு இருக்கிறாள். பூவாடைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை முடிச்சைத் தேடியது. முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது, பல்லால் கடித்தாள், நார் அசையவில்லை. மீன் அரியும் கத்தி எப்போதோ அடியில் போய்விட்டது. கயிறு ஒரே முழம். பிள்ளை விளிம்புக்குக் கீழே முங்கி வெளியே வரவும் அது விடாது. அலையடிக்கும் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. உடைந்த கழிமுகத்தில் போய் மோதினால் ஓடம் சுக்குநூறு.

"நான்தாண்டி கட்டினேன், பாவி நான்தான் கட்டினேன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த இருட்டுக்குள் பொளக் என்று ஒரு தலை முளைத்தது. "அழுது முடிச்சிட்டியா? காத்து கொஞ்சந்தான் இருக்கு," என்றாள் முக்குளிப்பான். "இரு, வரேன்."

முங்கிப் போனாள். எத்தனை நேரம் என்று பூவாடைக்குத் தெரியவில்லை. அவள் ஆயுசிலேயே நீளமான நேரம் அதுதான். திரும்பி வந்தபோது பறவையின் அலகில் ஒரு சிப்பி ஓடு, விளிம்பு கத்தியாக இருந்தது.

பூவாடை அறுக்கத் தொடங்கினாள். அறுத்துக்கொண்டே யோசித்தாள். கயிறு அறுந்தால் மட்டும் போதாது. இவளுக்கு முங்கத் தெரியாது. மூச்சடக்கத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"குப்பாயி, அம்மா சொல்றதக் கேளு. வாய் நிறையக் காத்த இழு. மூடிக்க. தலையத் தண்ணிக்குள்ள வை. மூணு எண்ணிட்டு வா."

"தண்ணியத் தொட்டா அடிப்பியே."

பூவாடையின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. "இனிமே அடிக்கமாட்டேன் கண்ணு. முங்கு."

முதல்முறை குப்பாயி இருமிக்கொண்டு உடனே எழுந்தாள். இரண்டாம் முறை இரண்டு எண்ணும்வரை இருந்தாள். மூன்றாம் முறை மூன்று. நான்காம் முறை அவள் எழுந்தபோது கயிறு அறுந்தது.

"இப்ப அஞ்சு எண்ணணும். விளிம்புக்குக் கீழ போயி அந்தப் பக்கம் எழுந்திரு. நான் பின்னாடியே தள்ளறேன்."

ஏழு வருஷம் கட்டிவைத்த கையை எடுத்துப் பூவாடை மகளைக் கீழே அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தில் வெளிச்சம் வந்தது. குப்பாயி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள். பக்கத்தில் சுரைக்குடுக்கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு மிதந்தது. அதை யாரும் கட்டிவைக்கவில்லை, அதனால்தான் மிதந்தது. பூவாடை அதை எட்டிப் பிடித்து, அறுந்த கயிற்றால் மகளின் முதுகில் கட்டினாள்.

"எதுத்து அடிக்காதீங்க! குறுக்கே அடிங்க, குறுக்கே!" என்று முன்னால் நீந்தியபடி கத்தினாள் முக்குளிப்பான். இருவரும் காலை உதைத்துக்கொண்டு ஓட்டத்துக்குக் குறுக்கே போனார்கள். மணல் காலில் தட்டியபோது ஓடம் முகத்தில் மோதித் துண்டு துண்டாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நீர் வடிந்த நான்காம் நாள் பூவாடை ஊரிலுள்ள எல்லாக் கயிறுகளையும் அறுக்கச் சொன்னாள். தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். "கட்டாம வுட்டு ஒண்ணப் பறிகுடுத்தவ நீ. மறந்துட்டியா?"

"மறக்கல. அவன் கட்டாததால போவல. முங்கத் தெரியாததால போனான். நான் சொல்லிக் குடுக்கல."

அதைச் சொல்ல அவளுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. இரவல் ஓடம் ஒன்றில் குப்பாயியை ஏற்றி, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மார்பளவு நீருக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஊரே பார்க்க, தன் கையாலேயே அந்த ஓடத்தைக் கவிழ்த்தாள்.

கரையில் ஒரே அலறல். பூவாடை மட்டும் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது எண்ணில் ஓடத்துக்குப் பக்கத்தில் குடுக்கை எழும்பியது. அதனடியில் குப்பாயியின் தலை எழும்பியது. ஒரு கையால் ஓடத்தைப் பற்றிக்கொண்டு, "இன்னொரு தரம்மா!" என்றாள். கோரைக்குள் முக்குளிப்பான் சிரித்த சிரிப்பு இன்றும் மழைக்காலத்தில் கேட்கிறது.

அன்று முதல்தான் அந்தக் கழிக்கரையில் பிள்ளையின் கயிற்றை ஓடத்தில் கட்டாமல் சுரைக்குடுக்கையில் கட்டுகிறார்கள். துடுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஓடத்தை ஒருமுறை கவிழ்த்துவிடுகிறார்கள். பிள்ளை தலை தூக்கும்வரை கரையில் நிற்கும் தாயும் தன் மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.