கள்ளிக்குக் கலந்த மண்

மலையடிவார ஆசிரமத்துக்குப் பொற்கொடி அம்மாள் அன்று ஒரு பூந்தொட்டியை அணைத்தபடி வந்தார். சுவாமி அம்பலவாணரின் சீடர்களில் அவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர். வயதில் சுவாமிக்கும் மூத்தவர்.

தொட்டியில் ஒரு முழ உயரக் கள்ளி. அதன் அடித்தண்டு மஞ்சளாகிக் குழைந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் வளர்த்தது சாமி. அவர் போன பிறகு கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேன். இதுவும் போயிடும் போலிருக்கு."

"என்ன மண் போட்டீங்கம்மா?"

"பழசைக் கொட்டிட்டு நல்ல மண்ணாத்தான் மாத்தினேன். கரிசல் மண், தொழு உரம். தினமும் தண்ணி." குழைந்த தண்டைத் தொட்டார். "அன்பு வெச்சது தப்பா சாமி?"

சுவாமி தொட்டியைக் கவிழ்த்தார். மண் ஈரக்கட்டியாக விழுந்தது. வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. கத்தியை எடுத்து, நல்ல சதை தெரியும்வரை தண்டைச் சீவினார். அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஞ்சியதைச் சுவாமி நிழலில் கிடத்தினார்.

"நடலையா சாமி?"

"வெட்டின இடம் காயட்டும்."

சில நாட்களில் அது காய்ந்து இறுகிய பிறகு அம்மாளை அழைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் எதுல வெச்சிருந்தார்?"

"பழசைக் கொட்டினப்பக்கூட கவனிக்கல சாமி. ஓடைப் பக்கம் போயிட்டு வருவார். நகமெல்லாம் மணலா இருக்கும். வீடெல்லாம் கொட்டுறீங்களேன்னு திட்டுவேன்."

சுவாமி எழுந்தார். "வாங்க, ஓடைக்குப் போவோம்."

பருமணலும் சரளையும் அள்ளி வந்தார்கள். ஒரு செங்கல்லை அம்மாளே உடைத்துச் சேர்த்தார். செம்மண் ஒரு பிடிதான்.

"இதுல செடி சாப்பிட என்ன இருக்கு சாமி?"

"கொஞ்சம்தான். ஆனா தண்ணி தங்காது. வேருக்குக் காத்து கிடைக்கும்."

நட்டார்கள். மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் அம்மாள் கள்ளியை மெல்ல இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வேர் பிடித்திருந்தது. பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி.

சிரித்தார். உடனே கண் கலங்கியது.

"இத்தனை வருஷமா மணல் அள்ளிட்டு வந்து வளர்த்திருக்கார். எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல. இனிமே அவருக்கு எப்படி சாமி நன்றி சொல்றது?"

சுவாமி அந்தக் குட்டியை விரலால் தொட்டார்.

"இது கொஞ்சம் பெரிசாகட்டும்மா. கேட்டு யாராவது வருவாங்க. கொடுக்கும்போது மண்ணையும் நீங்களே கலந்து கொடுங்க."