ஆற்றுநாட்டில் அவள் விழவில்லை

இக்கதையை 1984ஆம் ஆண்டு தை மாதத்தில், போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் களம் ஒன்றில், இருளாயி அம்மாளிடம் கேட்டேன். தமக்கு வயது அறுபத்திரண்டு என்றார். அருகிலிருந்த மகள் அறுபத்தெட்டு என்று திருத்தினார். உரையாடலை அவர் சொன்ன பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"அம்மா, கரட்டுநாட்டு வீட்டை வித்துரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

கேட்டவன் திருமேனி. கேட்கப்பட்டவள் கணவாயம்மை. கரட்டுநாட்டுக்கும் ஆற்றுநாட்டுக்கும் நடுவே, மலைக் கணவாயில் தனியாக இருந்தவள்.

திருமேனி அவளிடம் மூன்றாண்டு பாடம் கேட்டவன். ஆறு மாதத்துக்கு முன் மனைவி மாயழகியோடு ஆற்றுநாட்டுக்குக் குடிபோனவன்.

அம்மை முறத்தில் கம்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் விக்கணும்?"

"கரட்டுநாட்டுல மனுசன் இருப்பானா? தண்ணிக்கு ரெண்டு கல் தூரம் நடக்கணும். வைத்தியன் வருசத்துக்கு ஒருக்கா வருவான். அவனும் குடிச்சிட்டு வருவான்."

"ஆற்றுநாட்டுல?"

"வாசல்லயே வாய்க்கா ஓடுது. ஒரு குரல் குடுத்தாப் போதும், மருந்துசாலை ஆளுக நாலு பேரு கட்டிலோட ஓடி வாராங்க. கண்ணால பாத்தேன்."

"சனங்க?"

"தங்கமான சனங்க. நாம கூப்பிடாம வாசப்படி மிதிக்க மாட்டாங்க. எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதுதான் அவங்க மரியாதை. கரட்டுநாட்டுப் பொம்பளைக மாதிரியா? வந்ததும் சட்டி மூடியத் திறந்து பாத்துட்டுத்தான் உக்காருவாளுக."

"உப்புப் பத்தலைன்னும் சொல்லுவாளுக."

"சொல்லுவாளுக! அள்ளிப் போட்டுட்டும் போவாளுக."

இருவரும் சிரித்தார்கள்.

"மாயழகிக்கு வலிப்பு எப்படி இருக்கு?"

மாயழகிக்குச் சிறு வயது முதலே வலிப்பு உண்டு. கரட்டுநாட்டில் அவள் விழுந்தால் தெருப் பெண்கள் அடுப்பை விட்டு ஓடி வருவார்கள். ஒருத்தி தலையை மடியில் வைத்துக்கொள்வாள். ஒருத்தி அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பாள். மாலையில் திருமேனி திரும்பும்போது பத்துப் பேராவது வழிமறித்துச் சொல்வார்கள்.

திருமேனியின் முகம் மலர்ந்தது.

"அதைச் சொல்லத்தானே ஓடி வந்தேன்! கரட்டுநாட்டுல மாசத்துக்கு மூணு தடவை விழுந்தவ. ஆற்றுநாட்டுல ஆறு மாசமா ஒரு தடவைகூட விழல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அம்மையின் விரல்கள் நின்றன.

"விழலைன்னு யாருடா சொன்னா?"

"விழுந்தான்னு யாரும் சொல்லலையே அம்மா."

"பகல்ல நீ எங்க இருப்ப?"

"கால்வா வெட்டப் போயிருவேன். விடியப் போனா அந்திக்குத்தான்."

"வீட்டுக் கதவு?"

"சாத்தித்தான் இருக்கும். அந்த நாட்டுல எல்லா வீடும் அப்படித்தான்."

"அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். 'உங்களுக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கா'ன்னு அவ திருப்பிக் கேட்டா. பிடிச்சிருக்குன்னேன். அப்ப எனக்கும் ஒண்ணும் இல்லைன்னா."

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்லாச் சாப்பிடுறாளா?"

"கொஞ்சமாத்தான். சோறு வச்சா நாக்கு எரியுதுங்கிறா. சில நாளு ஆறின கஞ்சி மட்டும்."

"ஆற்றுநாட்டுச் சாப்பாடு அவ்வளவு காரமா?"

"காரமா! அந்த நாட்டுல மிளகாய கண்ணுலகூட..."

அவன் நிறுத்தினான்.

கரட்டுநாட்டில், வலிப்பில் பல்லிடையே சிக்கி நாக்குக் கிழிந்த நாட்களில், மாயழகி ஆறின கஞ்சி மட்டுமே குடித்தது அவன் நினைவுக்கு வந்தது.

"இப்ப அவகூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் கிளம்பி ரெண்டு நாளாச்சு."

அம்மை வாசல் பக்கம் பார்த்தாள்.

"கூப்பிட்டா வருவாங்க அம்மா," என்றான்.

மறுபடியும் சொன்னான். "கூப்பிட்டா வருவாங்க."

மூன்றாம் முறை, "கூப்பிட்டா..." என்று தொடங்கிப் பாதியில் விட்டான்.

"அம்மா... அப்ப எந்த நாடு நல்ல நாடு..."

கணவாயம்மை எழுந்தாள். வெளியே போனாள். அவன் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தன் கையால் எடுத்துவந்து, குனிந்து, அவன் காலடியில் வைத்தாள்.

இருளாயி அம்மாள் இவ்விடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நான் என்ன அவன் கூடவா ஓடுனேன்?" என்று சொல்லி, ஏலக்காய்க்குத் திரும்பினார்.

இக்கதையின் வேறு இரு பாடங்களும் எனக்குக் கிடைத்தன. மாட்டுத் தரகர் சங்கிலி சொன்னதில், திருமேனி ஆற்றுநாட்டு வீட்டை அடைகிறான். கதவு திறந்து கிடக்கிறது. திறந்தது யார் என்பது தமக்குத் தெரியாது என்றார் தரகர். இட்லிக் கடை பாக்கியத்தம்மாள் சொன்ன பாடம் இவ்விரண்டிலும் சேராது. அதில், அச்சத்தில் அவன் கால்கள் பழகிய பக்கமே இறங்கிவிடுகின்றன. கரட்டுநாட்டுத் தெருமுனையில் நின்று மாயழகியின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொண்டு, எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்:

"எங்க விழுந்து கிடக்கா?"